ஆறாவது கூடை

ஒன்பது கொடிகளும் நான் தைத்தவை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கூடையைப் பேசுகிறார்கள், மரத்தைப் பேசுகிறார்கள், பள்ளத்தைப் பேசுகிறார்கள். கொடியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூடைக்கு ஒன்று, மஞ்சள் துணி, இரட்டைத் தையல், எத்தனை மழைக்கும் சாயம் போகாது. போகட்டும், எனக்கென்ன.

என் தையல் கடைக்கு நேர் எதிரே வெல்டிங் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் வீடு. வீட்டில் மூன்று பேர். இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டர். தெருத்தெருவாக நடந்து தபால் கொடுக்கிற அவர் மனைவி. மாடியறையில் வெல்டருடைய அக்கா, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வெல்டரை நான் அண்ணன் என்பேன். அவர் மனைவியும் நானும் ஒரே வயதுப் பெண்கள், அதனால் மரியாதை கிடையாது. நான் அவளைத் தபால் என்று கூப்பிடுவேன், அவள் என்னை ஊசி என்பாள். நர்ஸை மட்டும் நாங்கள் எல்லோருமே அக்கா என்போம். பயம்தான்.

வெல்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. தட்டு வீசுவது. டிஸ்க் கோல்ஃப் என்று அதற்குப் பெயர். இளவயதில் வேலைக்குப் போன ஊரில் கற்றுக்கொண்டு வந்தார். கையகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு. அதை ஒரு சரளைக்கல் மேடையிலிருந்து வீச வேண்டும், விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி வீச வேண்டும். தூரத்தில் ஒரு கம்பம், அதில் சங்கிலிகள் தொங்கும், சங்கிலிக்குக் கீழே இரும்புக் கூடை. தட்டு சங்கிலியில் மோதிக் கூடையில் விழுந்தால் அந்தக் கூடை முடிந்தது, அடுத்த கூடைக்குப் போகலாம். யார் குறைந்த வீச்சில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். இவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷன் மூன்று வருஷம் நகராட்சிப் படி ஏறி இறங்கினார்.

கேட்டது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருக்கும் சரிவை. மரமும் புதரும் பாறையும் ஒரு பெரிய பள்ளமும் கொண்ட நிலம். ஒருவரும் போவதில்லை. கடைசியில் பூங்கா அதிகாரி இறங்கி வந்தார். வெயிலோ மழையோ, குடையில்லாமல் வராத மனிதர்.

"திறக்கற நாள்லேர்ந்து ரெண்டு மாசம் தரேன். பச்சைக் கிளை ஒண்ணைக்கூடத் தொடக்கூடாது. ஜனங்க வந்தா கூடை நிக்கட்டும். வரலைன்னா பிடுங்கிட்டு தார் போட்டுடுவோம். வண்டி நிறுத்த இடமில்லாம ஊரே தவிக்குது."

"வருவாங்க சார்," என்றார் வெல்டர். அந்த நாள் பூராவும் அவர் முகத்தில் சிரிப்பு நிற்கவேயில்லை.

ஒன்பது கூடைகளையும் அவரே செய்தார். குழாயை அறுத்து, கம்பியை வளையமாக வளைத்து, ஒரு கூடைக்கு வெளிவரிசையில் பன்னிரண்டு, உள்வரிசையில் பன்னிரண்டு என்று சங்கிலி வெட்டி மாட்டினார். பற்றவைத்த இடத்தைக் கையால் தடவினால் தெரியாது, அப்படித் தேய்த்திருந்தார். தபால் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உப்புத்தாள் போடுவாள். பட்டறைச் சுவரில் நிலத்தின் படம் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் நின்றுகொண்டு, டீ ஆறுவது தெரியாமல் அவர் எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

"முதல் கூடை வெட்டவெளி. வந்தவன் கை சூடாகட்டும். ரெண்டாவது, ரெண்டு மரத்துக்கு நடுவுல கதவகலம் வழி. மூணாவது மேடு. நாலாவது இறக்கம், தொட்டிப் பக்கத்துக் காத்து தட்டைத் தூக்கிட்டுப் போகும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கக்கூடாது. ஒவ்வொரு கூடையும் ஒரு கேள்வி கேக்கணும்."

"பரிட்சை எழுதவா வராங்க?" என்பார் அக்கா.

"ஆறாவதைப் பாருக்கா," என்பார் காதிலேயே வாங்காமல்.

ஆறாவதுதான் அவருடைய செல்லம். இரண்டு பக்கமும் அடர்ந்த மரம், நடுவே நேரான வழி தொண்ணூறு மீட்டர். அங்கே வழி சட்டென்று இடப்பக்கம் திரும்பும். பள்ளத்தைச் சுற்றித் திரும்பினால் அந்தக் கரையில், ஒரு சின்ன மேட்டின் மேல் கூடை. வலது கையால் வீசுகிற தட்டு வேகம் குறையும்போது தானாக இடப்பக்கம் சாயும். வெல்டரின் தட்டு தொண்ணூறு மீட்டர் பறந்து, மூலையில் அழகாகத் திரும்பி, கூடைக்கு எதிரில் போய் இறங்கும். பார்க்க எனக்கே கண் நிறைந்துவிடும்.

திறந்த முதல் வாரம் ஊரே வந்தது. அடுத்த வாரம் பாதி. மூன்றாம் வாரம் வெல்டரின் சிநேகிதர்கள் நாலு பேரும், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஒருவரும். ஐந்தாம் வாரம் நாய்க்காரரையும் காணோம். ஆனால் வந்துபோன ஒவ்வொருவரும், "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அதுதான் வெல்டரைக் கொன்றது. குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.

"இந்த ஊருக்கு ருசி தெரியல," என்று ஆரம்பித்தார். "கை வீசத் தெரியாதவனுக்கெல்லாம் கூடை எதுக்கு?" என்று முடித்தார். பட்டறைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார். ஒரு கேட்டை அளவு தப்பாக வெட்டினார். பத்து வருஷத்தில் நான் பார்க்காத அதிசயம் அது.

தபாலுக்குக் காரணம் தெரியும். ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீட்டு வாசலில் நிற்கிறவளுக்குத் தெரியாதது ஏது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், புதன்கிழமை, அக்காவின் யூனிஃபார்மைக் கொடுக்க நான் போனபோது மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு, கீரை, பொரித்த முட்டை. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நல்ல நேரத்தில்தான் போயிருக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்," என்றாள் தபால். "கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கற விஷயம்னா அப்புறம் சொல்லு."

"முட்டையைத் தின்னுட்டே கேளுங்க. ஜனங்க ஏன் வரலைன்னு கேட்டேன். மருந்துக்கடைக்காரர் கால்வலிங்கறார். முடி வெட்டறவர் வேலைங்கறார். எல்லாம் சும்மா. சலவைக்கடை அம்மா மட்டும்தான் உண்மையைச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"விளையாட்டு எப்ப ஆரம்பிக்கும், எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துட்டே இருந்தேன், முடிஞ்சுபோச்சுன்னாங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. வெல்டர் சிரிக்கவில்லை.

"கஷ்டமா இருக்குதாமா?"

"கஷ்டம்னு ஒருத்தரும் சொல்லல. அதுதான் என் கவலையே. ஆறாவதுல நீங்க எத்தனை தடவை யோசிக்கறீங்க?"

"மூணு. மேடையில ஒண்ணு. மூலையில ஒண்ணு. கூடைகிட்ட, தாண்டிப் போனா மேட்டுல உருண்டுடுமேன்னு ஒண்ணு."

"எனக்கு எத்தனை தெரியுமா? ஒண்ணு. அதுவும் கடைசியில. என் தட்டு நாப்பது மீட்டர் போகும். அங்க போய் நிப்பேன். ரெண்டு பக்கமும் மரம். நேரா வீசணும். மறுபடி நேரா. நேரா போறதைத் தவிர வேற வழியே கிடையாது. நான் தபால் போடறதே இதைவிட நல்லா இருக்கும். அதுல வீட்டுக்கு வீடு நாயாவது மாறுது."

"அதுக்கு நீ தூரம் வீசப் பழகணும்."

"நான் பழகறேங்க. சலவைக்கடை அம்மாவுக்கு அறுபது வயசு."

"அப்ப எல்லாக் கூடையையும் பக்கத்துல கொண்டாந்து வச்சிடறேன். தொட்டில்ல குழந்தையைப் போடற மாதிரி போட்டுட்டுப் போகட்டும். சந்தோஷமா?"

"நான் சுலபமாக்கச் சொல்லல." தபாலின் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால் விஷயம் பெரியது என்று அர்த்தம். "உங்களுக்கு மட்டும் கஷ்டம் வச்சிருக்கீங்க. எனக்கும் ஒரு கஷ்டம் குடுங்கன்னு கேக்கறேன்."

அவர் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார். கொஞ்ச நேரத்தில் பட்டறையில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அறுக்க ஒன்றும் இல்லாத நாள் அது.

"என் தம்பிக்கு ரோஷம் வந்தா அரைமணி நேரம் இரும்பு தேய்ப்பான்," என்றார் அக்கா, மிச்ச முட்டையை எடுத்துக்கொண்டே. "நீ விடாதே."

மறுநாள் தபால் என் கடைக்கு வந்து வெட்டுத்துணி கேட்டாள். எந்தத் துணி என்றேன். எல்லா நிறமும் என்றாள். ஆளுக்கு ஒரு நிறம். மருந்துக்கடைக்காரருக்குப் பச்சை, சலவைக்கடை அம்மாவுக்குச் சிவப்பு, முடி வெட்டுகிறவருக்கு நீலம், அக்காவுக்கு வெள்ளை, எனக்குப் பூப்போட்டது. பதினோரு பேரைக் கெஞ்சிக் கூத்தாடி இழுத்துவந்தாள். ஒவ்வொரு மேடையிலிருந்தும் அவரவர் வீசினோம். முதல் தட்டு விழுந்த இடத்தில் ஒரு கம்பிக் குச்சியைக் குத்தி, அதில் அவரவர் நிறத்துணியைக் கட்டினாள். வெல்டரின் தட்டு எங்கே விழும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே கறுப்புத் துணி கட்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். வானம் மூடியிருந்தது, தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆறாவது கூடை வழியில் நாற்பது மீட்டரைச் சுற்றி எங்கள் துணிகள் எல்லாம் கும்பலாக ஆடிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் புல்லைத் தவிர ஒன்றும் கிடையாது. அதற்கப்புறம் ஐம்பது மீட்டருக்கு ஒரு துணியும் இல்லை. மூலையில் கறுப்பு மட்டும் தனியாக நின்றது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணே, உங்க உடம்பை அளவெடுத்து ஊருக்கே சட்டை தைச்சிருக்கீங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நர்ஸ் அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் முதல் மேடைக்குத் திரும்பி நடந்தார். பையிலிருந்து தட்டை எடுத்தார். இடது கையில் பிடித்துக்கொண்டார்.

மூன்று ஊர்களில் கோப்பை வாங்கிய மனுஷன் இடது கையால் வீசினார். முதல் தட்டு பக்கவாட்டில் பறந்து புதருக்குள் போனது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது நாற்பது மீட்டர் போனது. அப்படியே ஒவ்வொரு கூடையாக, எங்களைப் போலவே விழுந்து, எங்களைப் போலவே நடந்தார். மூன்றாவதில் தட்டு மேட்டிலிருந்து உருண்டு அவர் காலுக்கே திரும்பி வந்தது. ஐந்தாவதில் மட்டும் முகம் கொஞ்சம் மாறியது. அது கிட்டத்தில் இருக்கிற கூடை, பின்னால் பாறை. கொஞ்சம் வேகமாகப் போனால் பாறையில் பட்டுத் தெறிக்கும், மெதுவாகப் போனால் எட்டாது. அங்கே மட்டும் எங்கள் எல்லோருக்கும் சிரிப்பும் திட்டும் வந்திருந்தது.

"அஞ்சாவதைத் தொடாதீங்க," என்றாள் தபால் பின்னாலிருந்து. "அது எல்லாரையும் ஒண்ணா கேள்வி கேக்குது."

ஆறாவதில் முதல் வீச்சு போய் எங்கள் துணிகளுக்கு நடுவில் விழுந்தது. நடந்துபோய் அங்கே நின்றார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். தூறல் சட்டையை நனைத்துவிட்டது. அக்கா குடையை நீட்டினார், வாங்கவில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லியே," என்றார்.

"அதைத்தாங்க சொன்னேன்."

"இத்தனை நாள்ல இந்த இடத்துல நான் நின்னதே இல்ல. தட்டு தலைக்கு மேல போயிடும். நான் பின்னாடியே நடந்து போயிடுவேன்."

ஆனால் அவர் நகரவில்லை. தட்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றவர் இடப்பக்கம் திரும்பினார். இரண்டடி பின்னால் போனார். குனிந்தார். "ஏம்மா, இங்க வந்து பாரு," என்றார்.

தபால் போய் அவர் தோளோடு ஒட்டி நின்று பார்த்தாள். இரண்டு அடிமரங்களுக்கு நடுவில், காய்ந்த காட்டுக்கொடிகள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சந்து. அதற்கப்பால் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால், குறுக்காக, மேட்டின் மேல் கூடை தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது.

"பள்ளத்தைத் தாண்டி வீசினா ஒரு வீச்சு மிச்சம்," என்றாள் மெதுவாக.

"ரெண்டு மிச்சம். தாண்டலைன்னா பள்ளத்துல. அபராதம் ஒரு வீச்சு."

"பயமா இருந்தா நேரா போயிக்கலாம்."

"நேரா போனா நிச்சயம், ஆனா நீளம். குறுக்கே போனா..." புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்யாண போட்டோவில்கூட அவர்கள் அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

அதற்குப் பிறகு வேலைதான். கையில் மூன்று வாரம்கூட இல்லை. பச்சைக் கிளையைத் தொடக்கூடாது என்பது அதிகாரி போட்ட உத்தரவு, ஆகவே காய்ந்த கொடிகளை மட்டும் அரிவாளால் அறுத்து இழுத்தோம். மரம் நகராது, அதனால் ஆறாவதின் மேடையை நகர்த்தினோம். சரளைக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, அடியிலிருந்த கம்பி வலையைத் தூக்கி, இரண்டடி வலப்பக்கம் தள்ளி மறுபடி கொட்டி இடித்தோம். அப்போதுதான் எங்கள் தட்டு விழுகிற இடத்திலிருந்து சந்து நேராகத் தெரியும். மூன்றாவதில் மேட்டின் நடுவில் ஒரு விழுந்த மரத்தைக் குறுக்கே போட்டோம், உருளும் தட்டு அதில் முட்டி நிற்க. தினமும் வேலை விட்டு வந்து இருட்டும்வரை. ரொட்டி, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் டீ. எனக்கு உள்ளங்கையில் கொப்புளம், மூன்று நாள் ஊசி பிடிக்க முடியவில்லை. அக்கா கட்டுப் போட்டுவிட்டு, "இதுக்குத்தான் வாயைக் குறைங்கறது. சட்டை தைச்சிருக்கீங்கன்னு சொல்லாம இருந்தா இப்ப வீட்டுல உக்காந்திருக்கலாம்," என்றார்.

வெல்டர் தனக்கும் ஒன்றை விட்டுவைத்தார். மேடையிலிருந்தே பள்ளத்துக்கு மேலாகக் கூடைக்குப் போக, மர உச்சிகளுக்கு நடுவில் வானத்தில் ஒரு துண்டு வழி இருந்தது. நகர்த்திய மேடையில் நின்றால் அது தெரிந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"பேராசைக்காரனுக்கு," என்றார்.

தபால் பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிட்டாள். சலவைக்கடை அம்மா நாற்பது மீட்டரில் நின்று, சந்தைப் பார்த்து, நேர்வழியைப் பார்த்து, மறுபடி சந்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம். பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வீசினார். தட்டு பள்ளத்தில் விழுந்தது. அந்த அம்மா வாயிலிருந்து வந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன். சேற்றில் இறங்கித் தட்டை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை முதல்லேர்ந்து வீசிக்கறேன்," என்றார். மறுநாள் மகளையும் மருமகனையும் கூட்டிவந்தார். அந்த மருமகன் தன் ஆபீஸையே கூட்டிவந்தார்.

எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வெல்டரின் சிநேகிதர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். நல்ல கூடையைக் கெடுத்துவிட்டாயே என்றார்கள். அவர்களில் ஒருவர் வானத்து வழியைப் பிடிக்கப் போய் ஆறாவதில் ஏழு வீச்சு எடுத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆபீஸ் போகும்முன் தனியாக வந்து அதே கூடையில் வீசிக்கொண்டிருந்ததைத் தபால் பார்த்திருக்கிறாள்.

தவணை முடிகிற ஞாயிற்றுக்கிழமை பூங்கா அதிகாரி வந்தார். கையில் குடை. நல்ல காற்று. ஒவ்வொரு மேடையிலும் ஆட்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஆறாவது வழியின் நடுவில் போய் நின்றவரை, "சார், கொஞ்சம் தள்ளிக்கங்க, தட்டு வர்ற வழி," என்றார் மருந்துக்கடைக்காரர். அதிகாரி தள்ளிக்கொண்டார். என் பக்கத்தில் வந்து நின்றார். பள்ளத்தின் ஓரத்தில் மூன்று பேர் அடுத்த வீச்சைப் பற்றி வாதாடுவதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே, "அந்தப் பொண்ணு கொஞ்சம் வலப்பக்கம் நின்னு வீசியிருக்கணும்," என்றார்.

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இதுல தார் போட்டா என் வீட்டு ஜன்னல்ல கல்லு விழும்," என்றார். "அவரை நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க. கூடை இங்கயே நிக்கட்டும், நிரந்தரமா எழுதிக் குடுத்துடறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடியதை ஊரே பார்த்தது. கூடைக்குப் பக்கத்தில் வெல்டரும் தபாலும் இருந்தார்கள். அவர் வானத்து வழியில் ஆசைப்பட்டு, மரத்தில் அடித்து, பள்ளத்தில் விழுந்து, அபராதத்தோடு ஐந்து எடுத்து முடித்திருந்தார். முழங்கால்வரை சேறு. அவள் நாற்பது மீட்டரிலிருந்து சந்து வழியாகப் பள்ளத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். இரண்டு வீச்சு ஆகியிருந்தது. கூடைக்கு இருபது அடி தூரத்தில், மூன்றாவதற்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே," என்றேன் மூச்சு வாங்க.

அவர் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அண்ணே, அதிகாரி வந்து..."

"அவ வீசட்டும்."

மூன்று வருஷமாக இந்தச் செய்திக்காகத்தான் படி ஏறி இறங்கிய மனுஷன். அந்த மைதானம் போய்விடுமோ என்று கேட்டைத் தப்பாக வெட்டிய மனுஷன். நான் வாயை மூடிக்கொண்டேன். தபால் புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்றுப் பார்த்தாள். தட்டை மார்போடு அணைத்துப் பிடித்தாள். வீசினாள். தட்டு தாழ்வாகப் போய்ச் சங்கிலியில் மோதி, ஒரு குலுக்கலோடு கூடையில் விழுந்தது.

வெல்டர் என் பக்கம் திரும்பினார். சேறும் வேர்வையுமான அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் ஒரு கோப்பைக்கும் பார்த்ததில்லை.

"மூணு," என்றார், நான் ஏதோ கேட்டதுபோல. "எம்பொண்டாட்டி. என் ஆறாவதுல மூணு."

பிறகுதான், "நீ என்னவோ சொல்ல வந்தியே," என்றார்.